யாம் கட்டிய இயங்குதளம்

ஒரு பொருளைப் பயன்படுத்துதல் வேறு. அப்பொருள் எவற்றால் ஆயது, எவ்வாறு ஆக்கப்பட்டது என்று அறிதல் வேறு. முன்னது எல்லார்க்கும் எளிது. பின்னதோ முயற்சியை வேண்டுவது. நாள்தோறும் நாம் செய்தி அனுப்புகின்றோம்; பணம் செலுத்துகின்றோம்; தேர்வு முடிவுகளைப் பார்க்கின்றோம். இவை யாவும், ஏதோ ஓர் அறையில் இரும்புச் சட்டத்திற் பொருத்தப்பெற்று, விசிறிகள் இரைய, இரவு பகல் ஓயாது உழைக்கும் ‘ஸ்விட்ச்’ என்னும் கருவிகளின் வழியாகவே சென்று மீளுகின்றன. ஆயினும் அக்கருவியை நேரிற் கண்டோர் நம்முள் மிகச் சிலர். அதனுள் நிகழ்வதை அறிந்தோர் அவரினும் சிலர். அத்தகைய கருவியொன்றிற்கு வேண்டிய இயங்குதளத்தை அதன் மூலநிரலிலிருந்து யாமே கட்டிய வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைக்க விழைகின்றோம். கணிப்பொறித் துறையினர் அல்லாதாரும் இதனைப் படித்து அறியலாகும் என்பது எம் எண்ணம்.

சென்ற கல்வியாண்டில் எம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், தாம் பணிபுரியும் நிறுவனத்தில் விலக்கப்பெற்ற ஸ்விட்ச் ஒன்றினை எம் துறைக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார். முப்பத்திரண்டு துளைகள் உடையது. ஒவ்வொரு துளையும் விநாடிக்கு 100 கிகாபிட் அளவு செய்தியைக் கடத்த வல்லது. கருவியின் உடலிற் பழுதொன்றும் இல்லை. உயிர்தான் இல்லை. அஃதாவது, அதனுடன் வந்த மென்பொருளின் உரிமம் பழைய உடைமையாளரோடு முடிந்துபோயிற்று. இனி அதற்குத் திருத்தங்களும் வெளிவாரா என்று விற்றோர் அறிவித்துவிட்டனர். திருத்தம் பெறாத கருவியைக் கல்லூரியின் வலையமைப்பில் இணைத்தல் தகாது என்பது துறைத் தலைவரின் முடிபு. அம்முடிபு நேரியதே. புதியதொன்று வாங்குதற்கோ துறையிற் பொருளில்லை. எனினும், ‘ஸோனிக்’ என்னும் திறந்தமூல இயங்குதளம் ஏற்கும் கருவிகளின் பட்டியலில் அதன் பெயர் காணப்பட்டமையின், அவர் எமக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை வரை தவணை தந்தார். ஜனவரியிற் கல்லூரி திறக்கும்போது அஃது இயங்குமாயின் ஆய்வுக்கூடத்தில் இருக்கட்டும். இன்றேல் கழிவுப் பொருளோடு செல்லட்டும் என்றார். யாம் என்றது இறுதியாண்டு மாணவர் மூவரையும், விடுமுறையைத் துறந்து எம்முடன் இருந்த ஆசிரியர் ஒருவரையும் ஆகும்.

ஸோனிக் தோன்றிய காரணத்தை முதற்கண் அறிதல் நலம். முற்காலத்தில் ஸ்விட்சும் அதன் மென்பொருளும் ஒரே நிறுவனத்தாரால் ஒன்றாகவே விற்கப்பட்டன. வண்டி வாங்குவோன் அவ்வண்டிக்காரனிடமே என்றென்றும் மாடும் வாங்கவேண்டும் என்றாற் போன்றது அவ்வேற்பாடு. பல்லாயிரம் ஸ்விட்சுகளை நிறுவவேண்டிய பெருநிறுவனங்களுக்கு அது சுமையாயிற்று. 2011-ம் ஆண்டில், கணிப்பொறிக் கருவிகளின் அமைப்பை யாவர்க்கும் பொதுவாக்கும் நோக்குடன் ‘ஓப்பன் கம்ப்யூட்’ என்னும் இயக்கம் தொடங்கப்பெற்றது. எந்தச் சில்லாயினும் ஒரே வகையான கட்டளைகளால் அதனை ஏவும் ‘ஸாய்’ என்னும் பொது இடைமுகம் 2015-ம் ஆண்டில் அவ்வியக்கத்தில் ஏற்கப்பட்டது. அதனை அடித்தளமாகக் கொண்டு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2016-ம் ஆண்டில் ஸோனிக்கை வெளியிட்டனர். 2022-ம் ஆண்டில் அது லினக்ஸ் பவுண்டேஷனின் பொறுப்பிற்கு மாறியது. அதன் அடிப்படை டெபியன் லினக்ஸ். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், கட்டலாம்.

இனி அதன் உள்ளமைப்பைக் கூறுதும். ஸோனிக்கில் ஒவ்வொரு தொழிலும் தனித்தனி ‘கண்டெய்னரில்’, அஃதாவது கொள்கலத்தில், நடைபெறுகின்றது. வழிகளை அண்டைக் கருவிகளோடு பேசி அறிவது ஒரு கலம். அண்டையில் இருப்பவர் யாவர் என்று கேட்டறிவது ஒரு கலம். விசிறி, மின்வழங்கி, வெப்பநிலை ஆகியவற்றைக் கண்காணிப்பது மற்றொரு கலம். சில்லினை ஏவுவது பிறிதொரு கலம். இவை ஒன்றோடொன்று நேரே பேசுவது அரிது. எல்லாவற்றிற்கும் நடுவே ‘ரெடிஸ்’ என்னும் தரவுத்தளம் உண்டு. பழைய கச்சேரியில் ஒவ்வோர் உத்தியோகஸ்தரும் பொதுப் பதிவேட்டில் தத்தம் செய்தியை எழுதிவைக்க, அடுத்தவர் அதனைப் பார்த்துத் தம் கடமையைச் செய்வது போல, ஒரு கலம் எழுதுவதை மற்றொரு கலம் படித்து நடக்கின்றது. புதிய வழியொன்று தெரியவந்தால், வழியறியும் கலம் அதனை முதற் பதிவேட்டில் எழுதுகின்றது. நடுவிலுள்ள கலம் அதனைச் சில்லுக்கு ஏற்ற வடிவில் மாற்றி இரண்டாம் பதிவேட்டில் எழுதுகின்றது. இறுதிக் கலம் அதனைப் படித்து ஸாய் இடைமுகத்தின் வாயிலாகச் சில்லில் பதிக்கின்றது. பதிந்தபின் செய்திப் பொட்டலங்களைக் கடத்துவது சில்லின் வேலை. இவ்வமைப்பினால் ஒரு கலம் பழுதுற்றால் அதனை மட்டும் நிறுத்தி ஆராய இயலும். பதிவேட்டைத் திறந்து பார்த்து, செய்தி எவ்விடத்தில் தடைப்பட்டதென்று காணவும் இயலும்.

கொள்கலத்தின் பயன் இயங்கும்போது மட்டுமன்று. கட்டும்போதும் அதுவே துணை. மென்பொருளை மூலத்திலிருந்து கட்டுவோர்க்கு நெடுநாளாக ஒரு தொல்லை உண்டு. ஒருவர் கணிப்பொறியிற் கட்டமைந்த நிரல் மற்றொருவர் கணிப்பொறியில் அமையாது. இவரிடம் உள்ள மொழிமாற்றி ஒரு பதிப்பு. அவரிடம் உள்ளது வேறு பதிப்பு. கல்யாணச் சமையற்காரர் சிலர், எவ்வூருக்குச் சென்றாலும் தம் அண்டா, கரண்டி, அடுப்பு எல்லாவற்றையும் வண்டியிலேற்றி உடன்கொண்டு செல்வர். வீட்டார் பாத்திரத்தை நம்பி உலையேற்றார். ஸோனிக்கைக் கட்டுவோரும் அவ்வாறே செய்தனர். கட்டுதற்கு வேண்டிய கருவிகள் அனைத்தும், குறித்த பதிப்புகளுடன், ஒரு கட்டுமானக் கலத்தினுள் முன்னரே வைக்கப்பெறுகின்றன. 2013-ம் ஆண்டில் வெளிவந்த ‘டாக்கர்’ என்னும் மென்பொருளே இக்கலங்களை ஆக்கவும் இயக்கவும் உதவுவது. கலமென்பது தனியொரு கணிப்பொறி அன்று. தாங்கும் கணிப்பொறியின் கருநிரலையே பங்கிட்டுக்கொண்டு, கோப்புகளும் செயல்களும் மட்டும் தனித்துத் தோன்றுமாறு வேலியிடப்பட்ட இடமே அது. ஆதலின் அது விரைந்து எழும்; சுமையும் குறைவு.

யாம் தேர்ந்துகொண்டது 202405 என்னும் கிளை. ஆண்டும் மாதமும் சேர்ந்ததே அப்பெயர். அதன் அடித்தளம் 2023-ம் ஆண்டில் வெளிவந்த டெபியனின் பன்னிரண்டாம் பதிப்பு. டெபியன் பதிப்புகளுக்கு ஒரு பொம்மைத் திரைப்படத்தின் பாத்திரங்கள் பெயரிடுவது வழக்கம். அவ்வழி இதன் பெயர் ‘புக்வேர்ம்’, அஃதாவது நூற்புழு. மாணவராகிய எமக்கு அப்பெயர் நன்னிமித்தமாகவே தோன்றிற்று. முதலில் மூலக் களஞ்சியத்தை ‘கிட்’ கொண்டு இறக்கினோம். அது தனியொரு களஞ்சியம் அன்று. தன்னுள் எண்ணிறந்த கிளைக் களஞ்சியங்களைச் சுட்டுவது. அவற்றை நிரப்புதற்கு ஒரு கட்டளை. எவ்வகைச் சில்லுக்குக் கட்டுவதென்று குறித்தற்கு ஒரு கட்டளை. இறுதியாகக் கட்டுதற்கு ஒரு கட்டளை. மூன்றும் ‘மேக்’ என்னும் கருவியின் கட்டளைகளே. சொல்லுதற்கு இவ்வளவே.

செய்தற்கோ இவ்வளவினும் மிகுதி. கட்டுமானக் கலத்தினுள்ளே இறுதியில் ஸ்விட்சின் கலங்களும் ஆக்கப்படவேண்டுதலின், கலத்துள் மற்றொரு டாக்கர் இயங்குகின்றது. அதன்பொருட்டுத் தாங்கும் கணிப்பொறியின் கருநிரலில் ‘ஓவர்லே’ என்னும் பகுதியை முன்னரே ஏற்றிவைத்தல் வேண்டும். அன்றியும், அக்கட்டுமானக் கலம் தாங்கும் கணிப்பொறியின்மீது பேரதிகாரம் பெற்று இயங்குவது. கலம் எனவே காப்பு என்று கருதி, முக்கிய ஆவணங்கள் உள்ள கணிப்பொறியில் இதனைச் செய்தல் கூடாது. எம் ஆசிரியர் இதற்கெனவே ஒரு கணிப்பொறியை ஒதுக்கித் தந்தார்: எட்டு உட்கருக்கள், 16 கிகாபைட் நினைவகம், ஒரு டெராபைட் வட்டு. வட்டில் 300 கிகாபைட் இடம் வெறுமையாக இருத்தல் நலம் என்றும், நினைவகம் 8 கிகாபைட்டினும் குறைவாயின் இடர் நேரும் என்றும் ஸோனிக் குறிப்பு கூறுகின்றது.

அக்குறிப்பின் கருத்தை யாம் நேரிலே கண்டோம். நான்கு வேலைகள் ஒருங்கே நடக்குமாறு ஏவினபோது, நள்ளிரவில் மொழிமாற்றி இடைநடுவே மாய்ந்தது. நிரலிற் பிழை இல்லை. பெரிய நிரற்கோப்புகள் சில ஒரே வேளையில் மொழிமாற்றப்பட, நினைவகம் போதாதாக, கருநிரல் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு செயலைக் கொன்றது. வேலைகளை இரண்டாகக் குறைக்க, அது தணிந்தது, காலம் நீண்டது. மாலையிற் தொடங்கியது மறுநாட் காலையிலும் முடியவில்லை. அன்று முற்பகலிலே மின்சாரம் தடைப்பட்டது. காப்பு மின்கலமும் ஓய்ந்தது. எல்லாம் வீணாயிற்றென்று எம்முள் ஒருவர் தலையிற் கைவைத்து உட்கார்ந்தார். ஆனால் மின்சாரம் மீண்டபின் அதே கட்டளையைக் கொடுக்க, முடிந்த பொதிகளை ‘மேக்’ தொடவில்லை. அறைகுறையாய் நின்றதிலிருந்தே தொடர்ந்தது. 1976-ம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் என்பார் ஆக்கிய கருவி அது. எதற்கு எது முன்னர் வேண்டும் என்பதையும், எது முன்னரே ஆகிவிட்டது என்பதையும் கணக்கிட்டு, எஞ்சியதை மட்டும் செய்தலே அதன் நெறி. ஏறத்தாழ ஐம்பதாண்டு மூத்த அந்நெறி அன்று எம் ஓரிரவின் உழைப்பைக் காத்தது.

மூன்றாம் நாள் வேறொரு தடை. ஒரு சிறு பொதியின் மூலம் தொலைவிலுள்ள ஒரு களஞ்சியத்திலிருந்து இறங்கவேண்டியது; அக்களஞ்சியம் மறுமொழி தரவில்லை. ஆயிரம் கல் சேர்ந்த சுவரில் ஒரு கல் வாராமையால் வேலை நின்றது. இங்கே யாம் கற்றது, ஏட்டைப் படிக்கும் பொறுமை. ஸோனிக் கட்டுமானத்தில் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனிக் குறிப்பேடு எழுதப்படுகின்றது. திரையில் தோன்றும் இறுதி வரி ‘தோல்வி’ என்று மட்டுமே சொல்லும். காரணம் அப்பொதியின் ஏட்டில் எங்கோ நடுவிலிருக்கும். அதனைத் தேடிக் கண்டு, இறங்காத கோப்பு இன்னதென்று அறிந்தோம். டெபியன் இயக்கத்தார் தம் பழைய பொதிகளையெல்லாம் நாள்வாரியாகச் சேமித்துவைக்கும் காப்பகம் ஒன்று உண்டு. அங்கே அக்கோப்பு இருந்தது. இறக்கியவுடன் பயன்படுத்தினோம் அல்லோம். கோப்பின் ஒவ்வோர் எழுத்தும் மாறாமை காட்டும் சரிபார்ப்பெண்ணைக் கணித்து, எதிர்பார்த்த எண்ணோடு ஒத்தபின்னரே ஏற்றோம். இத்தகைய தடை மீண்டும் நேராதிருக்க, இறங்கிய மூலங்கள் அனைத்தையும் துறையின் வட்டிலே படியெடுத்து வைத்துள்ளோம்.

முதலில் யாம் கட்டியது மெய்க்கருவிக்கு அன்று; கணிப்பொறியினுள்ளே போலியாக இயங்கும் ஸ்விட்சிற்கே. கையிலிருந்த கருவி ஒன்றேயாதலின், அதன்மீது முதற் சோதனை செய்யத் துணிந்திலேம். போலி ஸ்விட்சுகள் இரண்டினை எழுப்பி, ஒன்றோடொன்று இணைத்து, ‘பிஜிபி’ என்னும் வழியறி நெறியிற் பேசவிட்டோம். உலக வலையமைப்புகள் தம்முள் வழி கூறிக்கொள்வதும் 1989-ம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த இந்நெறியின் வழித்தோன்றலினாலேயாம். ஒன்றிற்கு யாம் கற்பித்த வழி, சில நொடிகளில் மற்றொன்றின் பதிவேட்டில் எழுந்தது. பின்னர், அண்டையாரை அறியும் கலத்தை வேண்டுமென்றே நிறுத்தினோம். அண்டையார் பட்டியலிலிருந்து அதன் பெயர் மறைந்தது. செய்திப் போக்கோ தடையுறவில்லை. ஏட்டிற் படித்த அமைப்பு எம் கண்முன் மெய்யாயிற்று.

அடுத்து மெய்க்கருவிக்கு உரியதைக் கட்டினோம். இங்கே வாசகர்க்கு ஓர் உண்மையை மறையாது கூறல் கடன். போலி ஸ்விட்சின் ஸாய் நூலகம் முழுதும் மூலத்திலிருந்தே கட்டப்படுவது. எம் மெய்க்கருவியின் சில்லினை ஏவும் நூலகமோ, சில்லு செய்தோர் கட்டிமுடித்துத் தந்த பொதியாகவே வருவது. அதன் மூலம் எமக்குக் கிடையாது. ஆதலின் எல்லாவற்றையும் மூலத்திலிருந்து கட்டினோம் என்று கூறின் அது முழு உண்மை ஆகாது. அற்றேல், அறிந்து கட்டியதன் பயன் யாது என்று வினவலாம். கென் தாம்ஸன் என்னும் அறிஞர், 1984-ம் ஆண்டில் அச்சில் வெளிவந்த தம் டூரிங் பரிசு உரையில் இதனினும் ஆழ்ந்த ஐயம் ஒன்றை எழுப்பினார். மூலநிரல் தூயதாயினும், அதனை மொழிமாற்றும் கருவி வஞ்சகமுடையதாயின், விளைபொருளும் வஞ்சகமுடையதாகலாம் என்று அவர் காட்டினார். முழு நம்பிக்கை எவர்க்கும் எளிதன்று என்பதே அவ்வுரையின் பயன். எனினும் எமக்கு ஒன்று தெளிவாயிற்று. மூடிய பெட்டியை வாங்கினோர்க்கு, தாம் அறியாதது எவ்வளவு என்பதே தெரியாது. கட்டிப் பார்த்தோர்க்கு, தாம் அறிந்தது இவ்வளவு, பிறரை நம்பவேண்டியது இவ்வளவு என்னும் எல்லைக்கோடு தெரியும். அக்கோட்டை அறிதலும் அறிவேயாம்.

இறுதித் தொகுப்பு ஒரே கோப்பாக வெளிவந்தது: கருநிரல், டெபியன் அடித்தளம், கலங்கள் யாவும் சுருக்கி அடக்கப்பெற்று, தன்னைத்தானே விரித்து நிறுவிக்கொள்ளும் கோப்பு. இத்தகைய ஸ்விட்சுகளில் இயங்குதளத்தை ஏற்றுதற்கென ‘ஓனி’ என்னும் சிறு மென்பொருள் முன்னரே பொருத்தப்பட்டிருக்கும். அதன் வாயிலாக, கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள் மாலை, எம் கோப்பினைக் கருவியில் ஏற்றினோம். தொடக்கத்தில் விசிறிகள் அறையதிர இரைந்தன. ஒருவர் பேசுவது ஒருவர்க்குக் கேளாது. சில நிமிடங்கள் சென்றபின், கண்காணிக்கும் கலம் எழுந்து விசிறிகளைத் தன் ஆணைக்குட் கொண்டுவர, இரைச்சல் படிப்படியாகத் தணிந்தது. திரையைப் பார்க்குமுன்னரே கருவி பிழைத்தது என்பதை எம் செவிகள் அறிந்தன. யாம் முதலிற் செய்தது கடவுச்சொல்லை மாற்றியதே. தொகுப்போடு வரும் முதற் கடவுச்சொல் உலகறிந்தது. பின் ஆய்வுக்கூடத்துக் கணிப்பொறிகள் இரண்டினை இணைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மறுமொழி வரக் கண்டோம். ஜனவரியிற் கல்லூரி திறந்தபோது துறைத் தலைவர் வந்து பார்த்தார். கழிவுப் பட்டியலில் அக்கருவியின் பெயரைத் தம் கையாலேயே அடித்தார்.

ஆயினும் மெய்யான தேர்வு பிப்ரவரியில் வந்தது. இயங்குதளத்துட் சேர்ந்த பொதியொன்றிற்குப் பாதுகாப்புத் திருத்தம் வெளியாயிற்று. பழைய நிலையாயின், விற்றோரை நோக்கிக் கைகட்டி நின்றிருப்போம். இப்போது, திருத்தத்தைக் களஞ்சியத்திற் சேர்த்து, அப்பொதி, அதனைத் தாங்கும் கலம், இறுதித் தொகுப்பு ஆகிய மூன்றை மட்டும் நீக்கி மீளக் கட்டினோம். போலி ஸ்விட்சில் ஒரு நாள் ஓட்டிப் பார்த்தபின் மெய்க்கருவியில் ஏற்றினோம். ஸோனிக்கில் பழைய தொகுப்பும் புதிய தொகுப்பும் ஒருங்கே இருக்கலாமாதலின், புதியது பிழைபடின் பழையதற்கு மீளும் வழியும் இருந்தது. அவ்வழி வேண்டப்படவில்லை. கருவி ஒன்று உயிர்பெற்றதினும், அதனைப் பேணும் வல்லமை எம் துறைக்கு வந்ததே பெரிதென்று கருதுகின்றோம்.

மாணவ நண்பர்காள்! இது வல்லுநர்க்கே உரியதென்று ஒதுங்கவேண்டா. மெய்க்கருவி இல்லாதாரும் போலி ஸ்விட்சினைத் தம் கணிப்பொறியில் எழுப்பிக் கற்கலாம். நினைவகம் குறைந்த கணிப்பொறி உடையார், துறையிலுள்ள கட்டுமானக் கணிப்பொறியைக் கேட்டுப் பெறலாம். ஊர் கூடித் தேர் இழுத்தல் என்பது நம் நாட்டு வழக்கு. திறந்தமூல மென்பொருளும் அவ்வாறு பலர் கை சேர்ந்து நகர்வதே. பல நாட்டார் எழுதிய நிரலை நாம் இலவசமாகப் பெற்றோம்; பிழை கண்டவிடத்துத் தெரிவிப்பதும், இயன்றவிடத்துத் திருத்தி அனுப்புவதும் நம் கைம்மாறு. வரும் ஆண்டில் இக்கருவியைப் பேண வேண்டுவோர், இப்போது இரண்டாம் ஆண்டிற் பயிலும் உங்களே. தடைப்பட்ட இடங்களையும் அவற்றைக் கடந்த வழிகளையும் நாள்வாரியாக எழுதிய ஏடு ஒன்று ஆய்வுக்கூடத்து அலமாரியில் உள்ளது. அதன் பின்பாதி வெறுந்தாள். அதனை நிரப்புதல் உங்கள் கடன்.